வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உண்மையில் எவ்வளவு செலவாகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம்

‘கட்டணமே இல்லை’ என்று எழுதியிருந்தால் பலர் அதற்குமேல் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் பெரும்பாலும் காசு கரைவது நாணயத்தை மாற்றித் தரும் ரேட்டில்தான். அனுப்புகிறவர் உழைத்துச் சேர்த்த பணம் அது. பத்து நிமிடம் செலவழித்துக் கணக்குப் பார்த்தால் தப்பில்லை.

படி 1: நடுச்சந்தை விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நாணயத்தைச் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நட்டநடுவில் இருப்பது இது. கூகுளில் தேடினால் வருவது ஏறக்குறைய இதுதான். பல நிறுவனங்கள் இந்த விகிதத்தைத் தராது. இது நமக்கு ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

படி 2: ஒரே தொகைக்கு, ஒரே நேரத்தில் விசாரியுங்கள்

குறைந்தது மூன்று இடங்களில் கேளுங்கள். விகிதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு சரியாக வராது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “என் கையிலிருந்து இவ்வளவு போனால், அங்கே எவ்வளவு போய்ச் சேரும்?”

படி 3: கணக்குப் போடுங்கள்

நடுச்சந்தையில் 1 டாலருக்கு 0.90 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 டாலருக்கு 900 யூரோ வர வேண்டும்.

முதல் நிறுவனம் கட்டணம் வாங்குவதில்லை, ரேட் 0.87. சேருவது 870 யூரோ. அதாவது 30 யூரோ செலவு, 3.3 சதவீதம்.

இரண்டாவது நிறுவனம் 8 டாலர் கட்டணம் வாங்குகிறது, ரேட் 0.895. மீதி 992 டாலரை மாற்றினால் 887.84 யூரோ. செலவு 12.16 யூரோ, சுமார் 1.35 சதவீதம். கட்டணம் வாங்குகிறவரிடம்தான் லாபம்!

சரி, 100 டாலர் மட்டும் அனுப்பினால்? முதல் இடத்தில் 87 யூரோ, இரண்டாவதில் 82.34. முடிவு தலைகீழாகிவிட்டது. இந்தக் கணக்கில் சுமார் 286 டாலருக்குக் கீழே முதல் நிறுவனம், அதற்கு மேலே இரண்டாவது. அதனால் நண்பருக்குக் கட்டுப்படியாகும் இடம் உங்களுக்கும் கட்டுப்படியாகும் என்று சொல்ல முடியாது. உங்கள் தொகையைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

செலவு அதிகமா, குறைவா என்று எடைபோட ஓர் எண் வேண்டுமா? புலம்பெயர்ந்தோர் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 2015இல் ஐ.நா. ஏற்ற இலக்கு.

படி 4: வழியில் யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்

நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் தகவல் வலையமைப்பு வழியாகப் போகும்போது இடையில் உள்ள வங்கிகளும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாக் கட்டணத்தையும் நீங்களே ஏற்கலாம், பெறுபவர்மேல் விடலாம், இருவரும் பகிரலாம். கல்விக் கட்டணம்போல் முழுத் தொகையும் சேர வேண்டிய இடமென்றால் நீங்களே ஏற்றுக்கொள்வது நல்லது.

அப்புறம், கிரெடிட் கார்டில் செலுத்த வேண்டாம். சில கார்டு நிறுவனங்கள் அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிட்டு, அன்றிலிருந்தே வட்டி போடும்.

படி 5: நாளைப் பாருங்கள்

வார இறுதியில் நாணயச் சந்தை மூடியிருக்கும். மறுபடி திறக்கும்போது விகிதம் மாறியிருக்கலாம் என்ற ஆபத்தைச் சமாளிக்கச் சிலர் ரேட்டைக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். அவசரம் இல்லையென்றால் வேலை நாளில் அனுப்புங்கள். பணம் சேர்ந்ததும், வந்த தொகையைப் பெற்றவரிடம் கேட்டு, உங்கள் கணக்கோடு ஒத்துப்பாருங்கள்.