முதல் பவர் கைட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடலூர், புதுச்சேரிக் காற்றை முன்வைத்து

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ வீராம்பட்டினம் மணலிலோ மவுண்டன் போர்டின் (டயர் சக்கரங்கள் பூட்டிய பலகை) மேல் நின்றுகொண்டு, ஆளையே இழுக்கும் பெரிய பட்டமான பவர் கைட்டின் இழுவையில் ஓட ஆசைப்படுகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை சதுர மீட்டர் கைட் வாங்குவது என்பதுதான். கேள்வி சரியானது. ஆனால் அவர் மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு விடை இருக்கும். அது பெரும்பாலும் தேவையைவிடப் பெரியதாக இருக்கும். போன வாரம் போனபோது காற்றே இல்லை என்ற நினைவு, சக்கரம் புதையும் மணல், வாங்குவதை ஒரே தடவையாகப் பெரியதாக வாங்கிவிடலாம் என்ற சிக்கனம், ஆளையே ஆகாயத்துக்குத் தூக்கும் கைட்டுகளைக் காட்டும் காணொளிகள் ஆகிய எல்லாமே அவரை ஒரே பக்கமாகத் தள்ளுகின்றன. முதல் கைட்டைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள் பலவிதமாகத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: வழக்கமாக அடிக்கும் காற்றை மனத்தில் வைத்து கைட் வாங்குகிறோம், நம்மைக் கீழே தள்ளுவதோ இடையில் வரும் திடீர் வீச்சு.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கைட்டின் பரப்பு இரண்டு மடங்கானால் இழுவையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ.) காற்றில் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும்போது 18 நாட் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால், வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது, ஆனால் இழுவை 2.25 மடங்காகிவிடுகிறது. கையில் இருப்பது 4 சதுர மீட்டர் கைட் என்றால், அந்தச் சில நொடிகளுக்கு அது 12 நாட் காற்றில் பறக்கும் 9 சதுர மீட்டர் கைட்டுக்குச் சமம். 6 சதுர மீட்டர் வாங்கியவருக்கு அது பதின்மூன்றரைக்குச் சமம். ஆகவே கைட்டின் அளவை முடிவு செய்ய வேண்டியது, நாம் நிற்கப்போகும் இடத்தில் வரக்கூடிய மிகக் கடுமையான வீச்சுதான். 65 முதல் 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 முதல் 15 நாட் காற்றில் பழகுவதற்கு 3 முதல் 4 சதுர மீட்டர் போதும். எடை 55 கிலோவுக்குக் கீழே என்றால் மூன்றைத் தாண்ட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் நண்பரின் கைட்டைச் சற்று நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் இழுவையே இல்லையே என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் கைட்டைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தி வைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் எந்தக் கைட்டும் மிகக் குறைவாக இழுக்கும். அதே கைட் கீழிறங்கி, நமக்கு நேர் முன்னால் காற்றைக் குறுக்காக வெட்டிப் பாயும்போது, அதன் துணி சந்திக்கும் காற்று வீசும் காற்றைவிடப் பல மடங்கு வேகமானது. மேற்சொன்ன இருமடிக் கணக்கு அதற்கும் பொருந்தும். போர்டு ஓடத் தொடங்கிய பின் நம்முடைய வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அலகுகளைக் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் காற்று வீசக்கூடும் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். கைட்டின் கையேடோ நாட் கணக்கிலோ மணிக்கு எத்தனை மைல் என்றோ பேசும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.; ஒரு மைல் 1.609 கி.மீ. கைபேசிச் செயலி ஒருவேளை விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று காட்டும். அதில் 10 என்று கண்டால் அது ஏறத்தாழ 19 நாட், தொடக்கக்காரர் வீட்டிலேயே இருக்க வேண்டிய காற்று. தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் காற்று வரம்பின் மேல் எல்லை கைதேர்ந்தவருக்கானது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னறிவிப்பில் சராசரி வேகத்துக்குப் பக்கத்தில் வீச்சின் உச்ச வேகத்தைத் தனியாகக் காட்டுவார்கள். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அந்த நாளின் மேல் சந்தேகம் கூட வேண்டும்.

நம் கரையின் காற்றை அறியாமல் கைட்டின் அளவைப் பேசுவதில் பொருளில்லை. பிப்ரவரியிலிருந்து மே வரை, வெயில் ஏறிய பின் கடலிலிருந்து வரும் பிற்பகல் காற்றே பழகுவதற்கு உகந்தது. வெறும் நீர்ப்பரப்பின் மேல் தடையின்றி வருவதால் அது சீராக இருக்கும். முதல் கைட்டை இந்தக் காற்றுக்காகவே வாங்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் கச்சான் அப்படியல்ல. மேற்கிலிருந்து வீடுகளையும் தென்னைகளையும் சவுக்குத் தோப்புகளையும் கடந்து வருவதால், கரையை எட்டும்போது அது சுழித்தும் விட்டுவிட்டும் அடிக்கும். போதாக்குறைக்கு நம்மைக் கடலை நோக்கியே இழுக்கும். அதே மாதங்களில் மாலை வேளையில் மேற்கே இடிமேகம் கூடினால், மழைக்கு முன்பே வரும் குளிர்ந்த வீச்சு ஒரு நிமிடத்துக்குள் காற்றின் வேகத்தைப் பலமடங்கு உயர்த்திவிடும். அதைக் கண்டவுடன் கைட்டை இறக்கி மடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து வாடைக்காற்றும் மழையோடு சேர்ந்து திடீரென உரம் பெறும். 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என இந்தக் கரையைத் தாக்கிய புயல்கள் வந்தது இந்தப் பருவத்தில்தான். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூண்டு ஏற்றாத நாளிலும் அந்த மாதங்களில் புதியவருக்குக் காற்று நம்பத்தக்கதன்று.

மணலைப் பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. மவுண்டன் போர்டு கைட்டிங் காணொளிகளில் நாம் பார்க்கும் அகன்ற கரைகள் பெரும்பாலும் இங்கிலாந்திலோ பிரான்ஸின் அட்லாண்டிக் பக்கத்திலோ உள்ளவை. அங்கே ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குவதால், நீர் வடிந்த பின் பரந்த தரை இறுகிய ஈரமணலாகக் கிடக்கிறது. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், கரையும் சரிவானது. ஆகவே நமக்குக் கிடைப்பது அலையை ஒட்டிய ஒரு குறுகிய ஈரப்பட்டை. அதற்கு மேலே கால் புதையும் உலர்மணல், அதில் படகுகளும் வலைகளும். உலர்மணலில் போர்டு நகரவில்லை என்றவுடன் கைட் சிறியது என்று முடிவு செய்து அடுத்த அளவை வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பெரிய கைட்டோடு ஒருநாள் இறுகிய தரைக்கு வந்தால் போர்டு கட்டுக்கடங்காது ஓடும். மாற்ற வேண்டியது தரையை. கோடையில் வற்றிய ஏரித்தரை, அறுவடை முடிந்த மேட்டு நிலம், பெரிய விளையாட்டுத் திடல் ஆகியவற்றில் சிறிய கைட்டே நன்றாக இழுக்கும். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அதை விட்டுவிட வேண்டும். வயல்வெளி என்றால், பம்புசெட்டுக்குத் தாழ்வாகச் செல்லும் மின்கம்பிகளை முதலில் பார்க்க வேண்டும். காற்று போகும் திசையில் கயிற்று நீளத்தின் பல மடங்கு தொலைவுக்கு ஒரு கம்பிகூட இருக்கலாகாது. மணலில்தான் ஓடியாக வேண்டும் என்றால், டயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அது பரந்து நின்று புதைவது குறையும். 8 அங்குலச் சக்கரத்தைவிட 9 அல்லது 10 அங்குலம் மணலில் எளிதாக உருளும். இரண்டும் புதிய கைட்டைவிடச் செலவு குறைந்தவை.

கடலில் கைட்சர்ஃபிங் செய்கிறவர் விற்கும் பழைய 9 அல்லது 12 சதுர மீட்டர் ஊதுகைட்டை, விலை மலிவு என்பதற்காக வாங்குவது இந்தப் பட்டியலில் ஆபத்து மிகுந்தது. நீரில் பலகையைக் கிளப்ப மிகுந்த இழுவை வேண்டும். உருளும் சக்கரத்துக்கு அதில் ஒரு பகுதி போதும். நீரில் விழுந்தால் நனைவோம், தரையில் விழுந்தால் எலும்பு முறியும். அதன் முன்விளிம்பில் உள்ள காற்றுக்குழாயும் கல்லிலும் முள்ளிலும் உரசுவதற்காகச் செய்யப்பட்டதன்று. தரைக்கு ஏற்றது ஃபாயில் வகை: ஊத வேண்டியதில்லை, குச்சி இல்லை, அறையறையாகத் தைத்த துணிக்குள் காற்றே புகுந்து இறக்கை வடிவம் தருகிறது.

ஃபாயில் கைட்டிலும் இரண்டு கயிறு, நான்கு கயிறு என்ற வேறுபாடு உண்டு. இரண்டு கயிற்றுக் கைட் மலிவானது, கற்றுக்கொள்ள எளிது; ஆனால் அதற்குப் பிரேக் கிடையாது, தானாக எழுப்புவதும் இறக்குவதும் கடினம். பழகும் ஓரிரு மாலைகளுக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம். போர்டுக்கு வேண்டியது இரு கைப்பிடிகளில் நான்கு கயிறு கோத்த வகைதான். மேல்கயிறுகள் இரண்டும் இழுவையைத் தாங்கும். கீழ்க்கயிறுகள் இரண்டும் கைட்டின் பின்விளிம்பைப் பிடித்திருக்கும். அந்தப் பிரேக் கயிறுகளை மணிக்கட்டில் மாட்டும் பட்டையோடு இணைத்துவிட்டால், நிலைமை கைமீறும்போது கைப்பிடிகளை விட்டாலே போதும். இழுவை முழுவதும் பிரேக்குக்கு மாறி, கைட் துவண்டு தரையில் விழும். இந்தப் பட்டைகளைக் கைட் கில்லர் என்பார்கள். சில கைட்டுகளோடு அவை வருவதில்லை. தனியாக வாங்கியேனும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

நீண்டு ஒடுங்கிய பந்தயக் கைட்டுகள் வேகமானவை, ஆனால் சிறிய கைப்பிழையையும் பொறுக்காதவை. நீளம் குறைந்து தடித்துத் தோன்றும் கைட்டே முதலாவதாக இருக்கட்டும். பறக்கும்போதே இழுவையைக் குறைக்கும் டீபவர் வகை நல்லதுதான். ஆனால் அந்த வசதியை நம்பிப் பெரிய அளவை வாங்கினால் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். என் கருத்தில் அது இரண்டாவது கைட்.

புதிய கைட் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதாலும் சுங்க வரி கூடுவதாலும் பழைய கைட் நியாயமான தேர்வே. படத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தவறு. துணியை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து உதட்டோடு சேர்த்து ஊதிப் பாருங்கள்; மூச்சு மறுபக்கம் எளிதாகப் போனால், வெயிலில் கிடந்து அதன் பூச்சு போய்விட்டது, அது சரியாக எழும்பாது. உள்ளறைகளைக் கவிழ்த்து உதறினால் கொட்டும் மணலும் உப்பும், முன்னவர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதைச் சொல்லும். பின்பு நான்கு கயிறுகளின் ஒரு முனையை ஒரே முளையில் மாட்டி, முழு நீளத்துக்கும் விரித்து, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பாருங்கள். இழுவையைத் தாங்கும் மேல்கயிறுகள் நாளடைவில் நீண்டுவிடும், பிரேக் கயிறுகள் அப்படியே இருக்கும். ஒருசில அங்குல வேறுபாடுகூட எப்போதும் பிரேக் பிடித்தபடி பறப்பதற்குச் சமம். கைட் மேலேறாமல் பின்னோக்கிச் சரியும். கைட் கெட்டுவிட்டது என்று எண்ணி மலிவாக விற்கப்படுபவற்றில் சில, கயிற்றைச் சமன் செய்தாலே சரியாகிவிடக்கூடியவை. பொறுமையுள்ளவருக்கு அது ஆதாயம்.

கயிறு அறுந்தால் பக்கத்துக் கடையில் தங்கூசி (நைலான் தூண்டில் இழை) வாங்கிக் கட்டுவது கடலோர ஊர்களில் இயல்பாகத் தோன்றும் வழி. அது கூடாது. தங்கூசி நீண்டு கொடுக்கும். கையை இழுத்த பிறகு தாமதமாகவே கைட்டுக்குச் செய்தி போகும், பிரேக் வேலை செய்யாது. பவர் கைட்டுக்கு டைனீமா போன்ற எளிதில் நீளாத இழைக் கயிறுதான் வேண்டும். ஆனால் டைனீமா வலுவானதே தவிர வெப்பம் தாங்காது. இறுகிய ஒரு கயிற்றின் மேல் வேறு பொருளாலான கயிறு உரசினால் நொடியில் அறுந்துவிடும். இந்தக் கயிறு ஆளையும் அறுக்கும் என்பதால், விடுமுறைக் கூட்டம் இருக்கும்போது சில்வர் பீச்சில் கைட்டை விரிப்பதே தவறு.

சிறிய கைட் வாங்கியதில் மிச்சமாகும் பணத்தில் தலைக்கவசம், முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு, கைட்டை இறக்கியதும் கைப்பிடியை மாட்டி வைக்க ஒரு நல்ல முளை ஆகியவற்றை வாங்கிவிடலாம். ஒரு பருவம் பழகிய பின் காற்று குறைந்த நாட்களுக்காக 5 அல்லது 6 சதுர மீட்டர் கைட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் பழைய 3 சதுர மீட்டர் கைட்டை விற்க வேண்டியதில்லை. பிற்பகல் காற்று 20 நாட்டைத் தொடும் நாளில், கைப்பழக்கம் வந்துவிட்டவர் பையிலிருந்து எடுப்பது அதைத்தான்.