பாறை ஏறுவோர் கோட்டைவிடும் இடங்கள்

கடினமான பிடியில் விரல் நழுவி விழுந்தால் கயிறு தாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் கயிறு கட்டுகிறோம். உயிருக்கு உலை வைப்பவை வேறு சில நிமிடங்கள்: முடிச்சுப் போடும்போது, உச்சியில் கயிற்றை மாற்றும்போது, ஏறி முடித்த நிம்மதியில் இறங்கும்போது. வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ராமநகரத்துக்கு வண்டியைக் கிளப்பும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் கண்டீரவா மைதானத்து ஏறும் பயிற்சிச் சுவரிலோ வேறு உள்ளரங்கச் சுவரிலோ பழகியவர்கள். விரலில் பலம் வந்துவிடுகிறது. ஆனால் சுவரில் உச்சியில் கயிற்றைத் தாங்கும் ஆங்கரை யாரோ முன்பே அமைத்து வைத்திருப்பதால், மேலே சொன்ன நிமிடங்களைக் கையாளும் பழக்கம் அங்கே வருவதில்லை.

முதலில் முடிச்சு. 1989இல் பிரான்சின் புவூ பாறையில், உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில் முடிச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஷூ மாட்டப் போனார். திரும்பி வந்து அதை முடிக்க மறந்தார். உச்சியை அடைந்து கயிற்றில் சாய்ந்தபோது இருபது மீட்டருக்கும் மேல் கீழே விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் பிழைத்தார். அனுபவம் இந்தத் தவறிலிருந்து யாரையும் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கயிற்றை உடலோடு கட்டும் எட்டு முடிச்சைத் தொடங்கினால் முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கயிறு, உடலில் மாட்டும் ஹார்னஸ் கச்சையின் இடுப்பு வளையம், தொடை வளையம் இரண்டின் வழியாகவும் போயிருக்க வேண்டும். இழைகள் பின்னிக்கொள்ளாமல் இணையாகப் படிய வேண்டும். மிச்சமிருக்கும் வால் ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். நான்கு இழைகளையும் தனித்தனியாக இழுத்து இறுக்குங்கள். பிறகு கூட்டாளி உங்களுடையதையும், நீங்கள் அவருடைய ஹார்னஸ் பக்கிள், பிலே கருவி (கீழிருந்து கயிற்றைப் பிடித்து ஏறுபவரைத் தாங்குவதே பிலே), பூட்டிய கேரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. கையால் தொட்டு, கேரபைனரை அழுத்திப் பாருங்கள். பத்து நொடி வேலை.

பிலே பிடிப்பவர் செய்யும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. பிரேக் கை, அதாவது பிலே கருவியைத் தாண்டி வரும் கயிற்றைப் பிடிக்கும் கை, கயிற்றை விட்டு ஒரு கணமும் அகலக்கூடாது. கயிறு சட்டென இழுபட்டால் பூட்டிக்கொள்ளும் பிலே கருவியான கிரிகிரி பற்றி, ‘அது தானாகவே பிடித்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை ஆபத்தானது: ஏறுபவர் விழும் பதற்றத்தில் பிலேயர் கருவியையே இறுகப் பற்றிக்கொண்டால், உள்ளே கயிற்றை நெரித்துப் பிடிக்கும் கேம் திறந்தபடியே நின்றுவிடும், கயிறு ஓடிவிடும். பாறையிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பிலே பிடிப்பதும் அதே போலத்தான். ஏறுபவர் விழும்போது பிலேயர் பாறையை நோக்கி இழுபடுவார். அவர் இழுபடும் தூரம் முழுவதும் விழுபவரின் கணக்கில் சேரும். முதல் மூன்று போல்ட்களுக்குள் (கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த இரும்பு ஆணிகள்) தளர்வு கொஞ்சம் கூடினாலும் தரையில் மோத வாய்ப்பு உண்டு. பாறையை ஒட்டி, ஏறுபவருக்கு நேர் கீழே நிற்காமல், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். பிலேயர் எடை மிகக் குறைவென்றால் அவர் மேலே தூக்கப்படுவார்; அதை முன்பே பேசி, தேவைப்பட்டால் அவரைத் தரையில் ஓர் ஆங்கரோடு கட்டுங்கள்.

இனி இறங்குதல். நம் பக்கத்துப் பாறைகளில் நாம் அதிகம் அஞ்சுவது இதைத்தான்.

60 மீட்டர் கயிறு 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போதாது, ஏனென்றால் அது போய்த் திரும்ப வேண்டும். 32 மீட்டர் உயரப் பாதையில் ஏறுபவரை இறக்கினால், அவர் தரையைத் தொடும் முன்பே கயிற்றின் நுனி பிலே கருவிக்குள் புகுந்து வெளியே போய்விடும். நுனியில் ஒரு முடிச்சு இருந்தால் இது நடக்காது. கயிற்றில் தானே இறங்கும் ராப்பல் செய்யும்போதும் அதே விதி: இரு நுனிகளிலும் தனித்தனி முடிச்சு. 2019இல் மெக்சிகோவின் எல் பொத்ரெரோ சிக்கோவில் அமெரிக்க ஏறுநர் பிராட் கோப்ரைட், நுனி முடிச்சில்லாத கயிற்றில் கூட்டாளியோடு ஒரே நேரத்தில் இறங்கும்போது விழுந்து இறந்தார். 6 மில்லிமீட்டர் கயிற்றில் ஒரு ப்ருசிக் வளையத்தை (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பற்றும் சிறு வளையம்) பிரேக் பக்கம் சுற்றி வைத்தால், கை நழுவினாலும் நின்றுவிடுவீர்கள். ஆங்கரோடு உங்களைப் பிணைத்திருக்கும் ஸ்லிங்கை (நாடா வளையம்) கழற்றும் முன், அது மாட்டியிருக்கும்போதே உடல் எடை முழுவதையும் ராப்பல் கருவியில் போட்டுப் பாருங்கள். சரியாகத் தாங்கினால் மட்டும் கழற்றுங்கள்.

உச்சியில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. மேலே இருப்பவர் கயிற்றை வளையத்தில் கோத்துவிட்டு, கீழே இருப்பவர் தன்னை இறக்குவார் என்று சாய்கிறார். கீழே இருப்பவரோ, அவர் ராப்பல் செய்து வருவார் என்று பிலேயைக் கழற்றிவிட்டார். காற்று வீசும் நாளில் 25 மீட்டர் தூரத்தில் ‘ஆஃப் பிலே’ (பிலேயைக் கழற்று) என்பதும் ‘ஆன் பிலே’ (பிலே பிடித்திருக்கிறேன்) என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். பக்கத்துப் பாதையில் வேறு குழுவினர் கன்னடத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருப்பார்கள். எப்படி இறங்கப் போகிறோம் என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு கட்டளையோடும் கூட்டாளியின் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள், சாயும் முன் கயிறு இறுகுவதைக் கையால் உணருங்கள்.

ஸ்லிங் வழியாக நேரடியாகக் கயிற்றை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். நைலான் மேல் நைலான் ஓடினால் ஒரே இடத்தில் சூடேறி அறுந்துவிடும். டைனீமா என்ற செயற்கை இழை ஸ்லிங்காக இருந்தால் சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகும். நடுவில் கேரபைனரோ இரும்பு வளையமோ இருக்க வேண்டும். இரண்டு போல்ட்களை இணைக்கும் ஸ்லிங்கின் கோணத்தையும் கவனியுங்கள்: 60 டிகிரியில் ஒவ்வொன்றும் சுமையின் 58 சதவீதத்தைச் சுமக்கும், 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் சுமக்கும், பிரித்துக் கொடுத்ததற்கே பயனில்லை.

கட்டடச் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் நைலான் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் லீட் ஏற, அதாவது போல்ட்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏற, ஆகாது. ஏறுவதற்கான டைனமிக் கயிறு விழுகையில் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தர விதிப்படி முதல் சோதனை விழுகையில் அதன் தாக்குவிசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. நீளாத கயிறு அந்த அதிர்ச்சியை உங்கள் முதுகெலும்புக்கும் போல்ட்டுக்கும் அனுப்பும். கயிற்றையும் ஹார்னஸையும் வண்டி பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அமிலம் நைலானைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும். 2006இல் அமெரிக்காவின் யோசமிட்டியில் ஏறுநர் டாட் ஸ்கின்னரின் உயிரைப் பறித்தது அவருடைய ஹார்னஸின் தேய்ந்துபோன பிலே வளையம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஏன் ஏற வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். பெங்களூருக்கு அருகிலுள்ள சாவன்துர்கா மலையில் ‘பெளதிங்களு’ போன்ற நீண்ட ஸ்லாப் பாதையில் (பிடிகள் குறைந்த சாய்வான பாறை) ஏறும்போது, அடுத்த காலடியைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்காது. வாரம் முழுக்கத் திரைக்கு முன்னால் சிதறிக் கிடந்த கவனம் ஒரே புள்ளியில் கூடுகிறது. முன்னொரு காலத்தில் ராமநகரத்துக்கு குளோஸ்பேட் என்று பெயர். அந்தப் பெயரையே தாங்கிய குளோஸ்பேட் கிரானைட்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதன் சொரசொரப்பில் ரப்பர் அடி ஒட்டி நிற்பதை முதன்முறை நம்பும் அந்த நொடிக்கு ஈடான மகிழ்ச்சி குறைவு. அதை அடைய விடாமல் தடுப்பதும் ஒரு தவறுதான்: பயத்தில் பாறையோடு மார்பை ஒட்டிக்கொள்வது. அப்படிச் செய்தால் எடை காலிலிருந்து விலகி, ஷூ வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி நேராக நில்லுங்கள். உராய்வு தானே வேலை செய்யும். ஆனால் இந்த ஸ்லாப் பாதைகளில் போல்ட்களுக்கு இடையே தூரம் அதிகம். லீட் ஏறுபவர் விழுந்தால் சதை உரியச் சறுக்கிக்கொண்டே வர வேண்டியிருக்கும். உங்களால் நிதானமாக ஏற முடிந்த தரத்துக்கு இரண்டு படி கீழே உள்ள பாதையில் தொடங்குவதே சரி.

மழைக்குப் பிறகு கறுப்புக் கோடுகளாகத் தெரியும் பாசித் தடங்களில் கால் வைக்காதீர்கள். கயிறில்லாமல் நடந்து ஏறுபவர்களும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் சரிவு தெரியும். தட்டினால் பானைபோல் ஒலிக்கும் பாறைத் தகட்டை இழுக்க வேண்டாம்.

கோடையில் மலைத்தேனீயை மறக்கக்கூடாது. பாறை முகட்டுக்கு அடியில் தொங்கும் பெரிய அடையைத் தரையிலிருந்தே தேடுங்கள், பைனாகுலர் இருந்தால் நல்லது. ஒரு கொட்டு விழுந்தால் அந்த வாசனை மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைக்கும். அடை தெரிந்தால் அன்றைக்குப் பாதையை மாற்றுங்கள். ராமநகரத்தின் ராமதேவர பெட்டாவில் 2012 முதல் பாறுக் கழுகுச் சரணாலயம் இருக்கிறது. அங்கே நீள அலகுப் பாறுகள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் அந்தப் பாறைகளை விட்டுவிடுங்கள். மற்ற இடங்களிலும் வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டே போங்கள்.

கயிற்றில் தொங்கியபடி ஒருவர் மயங்கினால் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். உடனே இறக்க வேண்டும், அதற்குத் தெரிந்த ஒருவர் கீழே இருக்க வேண்டும். இருவர் மட்டும் போகும் குழுவுக்கு அது கடினம். மூன்றாவது ஆள், முதலுதவிப் பை, ஹெட்லேம்ப், சார்ஜ் உள்ள இரண்டு வெவ்வேறு நெட்வொர்க் போன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகும் வழியைப் பார்த்து, 108க்குச் சொல்ல வேண்டிய கிராமத்தின் பெயரைக் கன்னடத்தில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்.