ரத்தத்துல ஈஸ்ட் வந்திருக்கா, நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்றாதீங்க

நோயாளியோட ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் மெஷின் எங்க லேப்ல பீப் அடிச்சதும் அந்த ரத்த பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடுல தேச்சு கிராம் ஸ்டெய்ன்ங்கிற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாப்போம், பாக்டீரியாவ விட நல்லா பெருசா, ஊதா கலர்ல, முட்டை மாதிரி, ஓரத்துல குட்டியா ஒரு மொட்டு விட்டுக்கிட்டு தெரிஞ்சா அது ஈஸ்ட்ங்கிற பூஞ்சை, பெரும்பாலும் கேண்டிடா வகை. உடனே ஐசியூவுக்கு போன் அடிச்சிடுவேன். ஒரு தடவை அந்தப் பக்கம் வந்த பதில், "ஒரு பாட்டில்ல தானே மேடம், கன்டாமினேஷனா இருக்கும், திரும்ப அனுப்புறோம்."

இதான் இருக்குறதுலயே பெரிய தப்பு. தோல்ல இருக்குற சில பாக்டீரியா வந்தா, ரத்தம் எடுக்கும்போது வெளியில இருந்து கலந்திருக்கும்னு யோசிக்கலாம், ஆனா கேண்டிடா ரத்தத்துல ஒரே ஒரு பாட்டில்ல வந்தாலும் நிஜம்னுதான் எடுத்துக்கணும். 2006-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல கல்ச்சர் எடுத்த அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சவங்கள்ல 15 சதவீதம் பேர் இறந்தாங்க, மூணு நாளோ அதுக்கு மேலயோ தள்ளிப்போனவங்கள்ல 41 சதவீதம். மருந்து என்னவோ அதேதான், நாள்தான் வித்தியாசம்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் நடக்குது, சளியிலயோ யூரின்லயோ கேண்டிடா வந்தா போதும்னு பயந்து மருந்து ஏத்துறது, அது பல நேரம் சும்மா குடியிருக்குறதுதான். ஆனா ரத்த கல்ச்சர் நெகட்டிவ்னு நிம்மதியா இருக்கவும் முடியாது, பாதி கேஸ் அதுல சிக்காமலே போகுது.

அப்புறம் இன்னொரு தப்பு, கையில இருக்குன்னு ஃப்ளூகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்த போடுறது. கேண்டிடாவுல க்ரூசிங்கிற இனம் அதுக்கு அடங்கவே அடங்காது, ஆரிஸ்ங்கிற இனமும் பெரும்பாலும் அப்படித்தான், நோயாளி மோசமா இருந்தா காஸ்போஃபஞ்சின் வகை பூஞ்சை மருந்துதான் முதல்ல, எந்த இனம்னு தெரிஞ்சப்புறம் மாத்திக்கலாம். பெரிய ரத்தக்குழாய்ல மருந்து ஏத்த போட்ட சென்ட்ரல் லைன் இருந்தா முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் எடுத்துடணும், அந்தக் குழாய்க்குள்ள கேண்டிடா பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு திரும்பத் திரும்ப ரத்தத்துக்குள்ள இறங்கும்.

காய்ச்சல் விட்டாச்சுன்னு மருந்த நிறுத்துறது இன்னொண்ணு. தினமும் இல்லன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கல்ச்சர் அனுப்பணும், முதல் நெகட்டிவ் வந்த கல்ச்சர் எடுத்த தேதியில இருந்து குறைஞ்சது 14 நாள் மருந்து கொடுக்கணும், அந்த தேதிய கேஸ் ஷீட்ல முன்பக்கமே பெருசா எழுதி வைங்க, ஷிஃப்ட் மாறும்போது தொலையிறதே இந்த தேதிதான்.

கண்ண யாருமே நினைக்கிறதில்ல. கேண்டிடா விழித்திரையில போய் உக்காந்துக்கும், காஸ்போஃபஞ்சின் அங்க சரியா போய்ச் சேராது, அதனால முதல் வாரத்துலயே கண் டாக்டர் பாக்கணும். வென்டிலேட்டர்ல கெடக்குற மனுஷன் பார்வை மங்குதுன்னு எப்படிங்க சொல்லுவாரு?