எல்.எம்.எஸ். வாங்கப் போகிறீர்களா? வெளியே வரும் வழியை முதலில் பாருங்கள்

போன மாதம் புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவோடு உட்கார்ந்திருந்தேன். புது எல்.எம்.எஸ். (பாடம், வினாடிவினா, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) வாங்குவதற்காக, வசதிகளை ஒப்பிட்டு நீளமான அட்டவணை தயாரித்திருந்தார்கள். "ஒப்பந்தம் முடிந்தால் பாடங்களை எப்படி வெளியே எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனியே பார்த்துக்கும் சார்" என்றார்கள். கடலூரில் ஒரு கல்லூரிக்கு வேலை பார்த்தபோது நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் வாங்கும்போது செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். விலை, பாஸ்வேர்டு சமாசாரங்களை எல்லோருமே கவனிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்போர்ட்டைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடுவது

கடலூர்க் கல்லூரி மூன்று வருட ஒப்பந்தம் போட்டது. ஆசிரியர்கள் ஆர்வமாக வினா வங்கி சேர்த்தார்கள். மூன்றாம் வருடம் கட்டணம் ஏறியது, விலகலாம் என்று முடிவானது. தரவைக் கேட்டோம். மதிப்பெண் எக்செல்லில் வந்தது. கேள்விகள் அத்தனையும் பி.டி.எஃப்.! எது சரியான விடை என்ற குறிப்புகூட அதில் இல்லை.

அந்த மே மாத விடுமுறை முழுக்க ஆசிரியர்கள் மறுபடி தட்டச்சு செய்தார்கள். தமிழ்த்துறை அம்மா ஒருவர், "எத்தனை தடவைதான் சார் இதையே அடிக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டெண்டரில் ஒரு வரி சேர்த்திருந்தால் அவருடைய விடுமுறை அவருக்கே இருந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது, என் மேலும்தான்.

"எங்களிடம் கியூ.டி.ஐ. வசதி உண்டு" என்று விற்பவர் சொன்னால் நம்பி நிறுத்திவிடாதீர்கள். வினாக்களைப் பரிமாறுவதற்கான பொது வடிவம் அது. ஆனால் உள்ளே ஏற்ற மட்டும் வசதி கொடுத்து, வெளியே எடுக்கக் கொடுக்காதவர்கள் உண்டு. பதிப்புக்குப் பதிப்பும் மாறும். பாடங்களைப் பரிமாறுவதற்கான பொது வடிவம் ஸ்கார்ம். அந்தப் பொட்டலம் பாடத்தைச் சுமக்கும், மாணவரின் மதிப்பெண் வரலாற்றைச் சுமக்காது. மூடுல் என்ற இலவச எல்.எம்.எஸ்.ஸின் சொந்த பேக்கப் கோப்பும் மூடுலுக்காகவே செய்யப்பட்டது, அதையும் பொது வடிவம் என்று எண்ண வேண்டாம்.

செய்ய வேண்டியது அரை நாள் வேலை. உண்மையான ஒரு பாடத்திலிருந்து ஐம்பது கேள்விகள் எடுங்கள். தமிழ்க் கேள்வி, கணிதச் சமன்பாடு, படம் மூன்றும் இருக்கட்டும். விற்பவரின் அமைப்பில் ஏற்றி, வெளியே எடுத்து, ஒரு வெற்று மூடுலில் போட்டுப் பாருங்கள். மூடுல் 2002 முதல் திறந்த மூலமாக, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்தபடி, கிடைக்கிறது, சோதனைக்கு உரிமக் கட்டணம் கிடையாது. புதுச்சேரிக் குழு அப்படிப் பார்த்தபோது, படம் வைத்த கேள்விகள் எல்லாம் படமில்லாமல் வந்து நின்றன.

அப்புறம், எந்த வடிவத்தில், எத்தனை நாளில், கட்டணமில்லாமல் தரவைத் தருவார்கள் என்பதையும், பிறகு தங்களிடம் உள்ள மாணவர் விவரங்களை அழிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

டெமோவைப் பார்த்து மயங்குவது

உங்கள் பாடத்தை, உங்கள் ஆசிரியர், உங்கள் வளாக வைஃபையில் ஏற்றட்டும்.

திறந்த மூலம் என்றால் செலவில்லை என்று நினைப்பது

உரிமம்தான் இலவசம். சர்வருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் பட்ஜெட் போடுங்கள்.

பாமினிக் கேள்விகளை அப்படியே ஏற்றுவது

பழைய கேள்வித்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துகள்தான் சிதறித் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாகி உளறும், ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

தலைமை வளாகத்தில் மட்டும் சோதிப்பது

புதுச்சேரியிலிருந்து தள்ளி இருக்கும் காரைக்கால், மாஹே, ஏனாம் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புயலை மறப்பது

2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல். நம் கரையில் செமஸ்டர் முடியும் சமயமும் புயல் சமயமும் ஒன்று. மின்சாரமும் சிக்னலும் போன ஊரில் இருக்கும் மாணவர் அசைன்மென்டை எப்படி அனுப்புவார்? பாடங்களைப் போனில் இறக்கி வைத்து இணையமில்லாமல் படிக்க முடியுமா என்று கேளுங்கள். மூடுல் செயலியில் அது முடியும், ஆசிரியர் அனுமதித்தால் வினாடிவினாவையும் அப்படி எழுதலாம். கடைசித் தேதியை ஒரு வகுப்புக்கு மொத்தமாகத் தள்ளிவைக்க எத்தனை கிளிக் ஆகிறது என்பதையும் பாருங்கள்.

ஜூனில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

வேண்டாம். ஒரு செமஸ்டர் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும்.