உணவு ஒவ்வாமைப் பரிசோதனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் முன்

மகளுக்கு ஒன்றேகால் வயதானபோது, அவித்த முட்டையில் இரண்டு வாய் ஊட்டிய பத்தாவது நிமிடம் உதட்டோரம் சிவந்து, கழுத்து வரை தடிப்புகள் கிளம்பின. மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எல்லா உணவுக்கும் சேர்த்து ஒரேயடியாக டெஸ்ட் எடுத்துவிடலாமா?" என்பதுதான். அப்படிக் கேட்கக் கூடாது என்று விளங்குவதற்குள் எட்டு மாதங்கள் ஓடிவிட்டன.

முதல் வேலை, ஒரு நோட்டு எடுத்துக்கொள்வது. குழந்தை எதை, எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் சாப்பிட்டது, எத்தனை நிமிடம் கழித்து முதல் அறிகுறி தெரிந்தது, அது எவ்வளவு நேரத்தில் அடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள், அதே உணவை முன்பு தொந்தரவில்லாமல் சாப்பிட்டதுண்டா என்பவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். தடிப்பு இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடும். நிமிடக் கணக்கு முக்கியமானது. உடலின் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். பல மணி நேரம் கழித்து வாந்தியோ வயிற்றுப்போக்கோ மட்டும் வருமானால் அது வேறு வகையாக இருக்கலாம், அதைத் தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் காட்டாமல் போகலாம்.

அடுத்தது மருந்து. தோல் பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே, வழக்கமாக ஒரு வாரம் வரை, அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். அரிப்பு மருந்தை நான் ஒழுங்காக நிறுத்தியிருந்தேன். ஆனால் இரண்டு நாள் முன்பு சளிக்குக் கொடுத்த சிரப்பிலும் அதே வகை மருந்து இருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றைய பரிசோதனை வீணாயிற்று. ஆகவே வீட்டிலுள்ள எல்லா மருந்துப் புட்டிகளையும் படம் எடுத்து முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரிசோதனை அஞ்சும் அளவுக்கு வலிக்காது. முன்கையிலோ முதுகிலோ பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே ஒரு சொட்டு உணவுச் சாரத்தை வைத்து, அதன் வழியே நுண்ணிய முனையால் தோலின் மேற்பரப்பை மட்டும் லேசாகக் குத்துகிறார்கள். ஒரு சொட்டு வெறும் உப்புநீர். அது எழும்பக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது உடலே வெளியிட்டுத் தடிப்பை உண்டாக்கும் பொருள்; அது கட்டாயம் எழும்ப வேண்டும். முதல் முறை என் மகளுக்கு எழும்பாமல் போனது இந்தப் புள்ளிதான். பிறகு பதினைந்து நிமிடம் சொறியாமல் இருக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரம்தான் பெற்றோருக்கு உண்மையான சோதனை. இரண்டு கைகளுக்கும் வேலை தரும் விளையாட்டுப் பொருள் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் முறை, கொசுக்கடி போன்ற வெளிறிய மேடு ஒன்று முட்டைக்கான எண்ணருகே எழும்பியது. செவிலியர் ஒளிபுகும் அளவுகோலை வைத்து 6 மில்லிமீட்டர் என்றார். உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கம்.

ஆனால் பாசிட்டிவ் என்றால் ஒவ்வாமை உறுதி என்று பொருளல்ல. உடல் அந்த உணவை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். சாப்பிட்டால் தொந்தரவு வருமா என்பது வேறு கேள்வி. மேட்டின் அளவோ இரத்தத்தில் ஐஜிஇயின் அளவோ கூடினால் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு கூடும். அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. அவசரப்பட்டு நானாகவே எடுத்த இரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் கோதுமைக்கும் பாசிட்டிவ் வந்தது. அதுவரை நாள்தோறும் கோதுமை சாப்பிட்டு நன்றாக இருந்த குழந்தைக்கு நான்கு மாதம் அதை நிறுத்தினேன். எடை ஏறாமல் நின்றுவிட்டது. புல் மகரந்தத்துக்கான எதிர்ப்பொருள்கூட கோதுமைப் பரிசோதனையில் அப்படிக் காட்டலாம் என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். சிக்கலில்லாமல் சாப்பிடும் உணவைப் பரிசோதிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளக்கும் உணவுப் பரிசோதனை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்; அது ஒவ்வாமையைக் கண்டறிய உதவாது.

சந்தேகம் தீராதபோது மருத்துவமனையில் வைத்து அந்த உணவையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கவே கூடாது. காய்ச்சலோ மூச்சிழுப்போ இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அரை நாள் எடுக்கும். குழந்தைக்குப் பிடித்த தட்டும் மாற்றுடையும் இருக்கட்டும். மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, திடீர்ச் சோர்வு ஆகியவற்றுக்கு முதல் மருந்து தொடையின் வெளிப்புறத்தில் போடும் அட்ரினலின் ஊசிதான், அரிப்பு சிரப் அல்ல. வீட்டுக்கும் அந்த ஊசி தேவையா, எப்படிப் போடுவது என்பதை அன்றே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு மாவில் கலந்து நன்றாக வெந்த முட்டையைக் கொண்டு அப்படிப் பார்த்தார்கள். அதை உடல் ஏற்றுக்கொண்டது. அவித்த முட்டை இன்னும் கூடாது. வெந்த கேக்கை வாரத்தில் சில நாட்கள் தவறாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பரிசோதனை ஓராண்டு கழித்து. நோட்டு சமையலறை அலமாரியிலேயே இருக்கிறது.