‘ஃபைனல் சொல்யூஷன்ஸ்’: முகமூடிக் கூட்டத்தை மேடையேற்றுவது எப்படி?

ஆங்கிலத்தில் எழுதும் இந்திய நாடகாசிரியர் மகேஷ் தத்தானியின் இந்த நாடகம் 1993இல் பெங்களூருவில் அரங்கேறியது. கலவர இரவில் ஜாவேத், பாபி என்ற இரு முஸ்லிம் இளைஞர்கள் ஓர் இந்துக் குடும்பத்திடம் அடைக்கலம் கேட்கிறார்கள். ஒத்திகையை வீட்டுக் காட்சிகளில் தொடங்காதீர்கள், இரு தரப்புக் கலவரக் கும்பலாகவும் மாறி மாறி வரும் முகமூடிக் கூட்டத்தில் தொடங்குங்கள். நாடகத்தின் முதுகெலும்பு அதுதான்.

கூட்டத்துக்கு 5 நடிகர்கள், 10 முகமூடிகள். இந்து 5, முஸ்லிம் 5. முகமூடிகளை முகத்தில் கட்டாமல் குச்சியில் பொருத்திக் கையில் பிடிக்க வேண்டும். உடை எல்லாருக்கும் கறுப்பு. முகமூடி மாற்றுவதைப் பார்வையாளர் கண்ணெதிரிலேயே செய்யுங்கள். திரைமறைவில் மாற்றினால் இரண்டு தனிக் கூட்டங்கள் என்று தோன்றிவிடும். அதே ஐந்து உடல்கள்தான் இரு பக்கமும் கத்துகின்றன என்பது புரியாமல் போகும். முகமூடியை வாயோடு ஒட்டிப் பிடித்தால் குரல் அமுங்கும், சற்று விலக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். தாடி, தொப்பி, பட்டை என்று வரைந்து கேலிச்சித்திரம் ஆக்கிவிடாதீர்கள்.

அந்த வீட்டுப் பாட்டி ஹர்திகாவும், தக்ஷாவும் ஒரே பெண்ணின் முதுமையும் இளமையும். இரண்டு நடிகைகள் தேவை. ஒளிவட்டமும் தனித்தனியே இருக்கட்டும்.

பலரும் சறுக்குவது, இளைஞர்களுக்கு அடைக்கலம் தரும் குடும்பத் தலைவர் ரம்னிக்கிடம். அவரை வெறும் நல்லவராக நடித்தால் நாடகம் சப்பென்றாகிவிடும். ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடையை எரித்து, பிறகு அதை மலிவாக வாங்கியது அவர் வீட்டார். அந்தக் குற்றவுணர்வு முதல் காட்சியிலிருந்தே அவரது உபசரிப்பில் கசிய வேண்டும். ஜாவேதையும் அப்பாவியாக்க வேண்டாம். அவன் கோபத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன, அவன் செய்த வன்முறையும் இருக்கிறது.

பாபி கிருஷ்ணர் சிலையைக் கையில் எடுக்கும் இடத்தில் பின்னணி இசை வேண்டாம்.