கொல்லைப்புறத்தில் கோழியும் வான்கோழியும்: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

கோழி வளர்த்துப் பழகியவர்களுக்கு வான்கோழி மீது ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆறு குஞ்சுகளை வாங்கி, இரண்டு மாதம் கண்ணுங்கருத்துமாக வளர்த்து, கோழிகள் மேயும் வேலிக்குள்ளேயே திறந்துவிட்டேன். மூன்றே வாரத்தில் நான்கு இறந்துபோயின. அதே மண்ணில் மேய்ந்த கோழிகளில் ஒன்றுகூடச் சோர்ந்து உட்காரவில்லை. அந்த நான்கும் ஏன் இறந்தன என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, வான்கோழி வளர்க்கக் கேட்பவர்களிடம் நான் குஞ்சைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. வேலியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

படி 1: இடத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கோழியின் குடலில் ஒரு சிறிய உருளைப்புழு வாழ்கிறது. அந்தப் புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி ஒளிந்திருக்கும். கோழிக்கு அதனால் பெரும்பாலும் வெளித்தெரியும் தொல்லை இருக்காது. ஆனால் எச்சத்தின் வழியாக அதை மண்ணில் பரப்பிக்கொண்டே இருக்கும். வான்கோழி அதே மண்ணைக் கொத்தினால் குடலும் கல்லீரலும் புண்ணாகி, பெரும்பாலும் இறந்துவிடும். இதைக் கருந்தலை நோய் என்பார்கள். பெயர்தான் அப்படி, தலை கறுப்பது அபூர்வம். கந்தக நிறத்தில் மஞ்சளான கழிச்சலும், தொங்கும் இறக்கைகளுமே உண்மையான அடையாளங்கள்.

அந்த உயிரி வெறும் மண்ணில் சிறிது நேரத்திலேயே மடிந்துவிடும். புழு முட்டைக்குள் புகுந்துகொண்டாலோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் "கோழிகளைப் போன வருடமே விற்றுவிட்டேன்" என்பது வான்கோழிக்குப் பாதுகாப்பாகாது. மண்புழுவும் அந்த முட்டைகளைச் சுமக்கும். மழை விட்டதும் மண்புழுக்கள் மேலே வரும்போது ஆபத்து கூடுகிறது.

ஆகவே கோழி ஒருபோதும் மேயாத பகுதியை வான்கோழிக்கு ஒதுக்குங்கள். இரண்டு இடத்துக்கும் தனித்தனி மண்வெட்டி, தனித் தொட்டிகள், தனிச் செருப்பு வேண்டும். தினமும் முதலில் வான்கோழிப் பக்கம் வேலையை முடித்துவிட்டுத்தான் கோழிப் பக்கம் போக வேண்டும். கோழிகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். சேர்த்தே வளர்த்தும் இழப்பைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மண்ணில் இந்த நோய் இன்னும் நுழையாமல் இருக்கலாம். உங்கள் மண்ணை அப்படி நம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு துண்டு நிலம்தான் இருக்கிறதென்றால், இரண்டில் ஒரு பறவையை மட்டும் வளர்ப்பதே நல்லது.

படி 2: கொட்டகை

கொட்டகைக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, வான்கோழிக்கு 8 முதல் 10 சதுர அடி. வெளியே மேய்ச்சலுக்குக் கோழிக்கு 10 சதுர அடியும், வான்கோழிக்கு 25 சதுர அடிக்கு மேலும் விடுங்கள். தரையில் உமி அல்லது மரச்சீவல் பரப்பி, ஈரமான கூளத்தை அவ்வப்போது அள்ளிவிடுங்கள். காற்று கூரையையொட்டி வெளியேற வேண்டும். பறவைகள் உறங்கும் உயரத்தில் நேராக வீசக் கூடாது. கனத்த இன வான்கோழிகளுக்கு அமர்கட்டை அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும். உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகும்.

மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, நாயையோ கீரியையோ தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான பற்றவைத்த கம்பிவலையை அடித்து, அடியில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் புதையுங்கள். இருட்டுவதற்குள் கதவைத் தாழிட்டுவிடுங்கள்.

படி 3: எத்தனை வாங்குவது?

ஐந்தாறு பெட்டைக் கோழிகள், மூன்று நான்கு வான்கோழிகள் போதும். வான்கோழியை ஒற்றையாக வளர்க்காதீர்கள். துணையில்லாமல் அது வாடிப்போகும். முட்டைக்காக மட்டும் என்றால் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல், ஐந்து பெட்டை வான்கோழிக்கு ஓர் ஆண். பின்னாளில் புதிதாக எந்தப் பறவை வந்தாலும், ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள்.

படி 4: முதல் மூன்று வாரம்

கோழிக்குஞ்சு பெட்டியிலிருந்து இறங்கியதும் கொத்தத் தொடங்கிவிடும். வான்கோழிக் குஞ்சு அப்படியல்ல. தீவனத்தின் மேலேயே நின்றுகொண்டு பட்டினியால் சாகக்கூடியது அது. முதல் இரண்டு நாள் நீங்கள்தான் தாய். ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து அலகின் நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். தண்ணீர்த் தட்டில் பளபளக்கும் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். மின்னுவதைக் கொத்தப் போய்க் குடிக்கப் பழகும். தட்டில் விழுந்து மூழ்கவும் செய்யாது. தீவனத்தை விரலால் தட்டிக் காட்டினால் ஒன்று கொத்தும்; அதைப் பார்த்து மற்றவையும் கொத்தும். முதல் குஞ்சு விழுங்கும் அந்தக் கணத்துக்காக நான் தரையில் மண்டியிட்டுக் காத்திருந்திருக்கிறேன். அத்தனை நேரமும் தகும்.

முதல் வாரம் விளக்கின் கீழ் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. விளக்கைச் சங்கிலியில் உறுதியாகக் கட்டுங்கள், விழுந்தால் தீப்பிடிக்கும். மூலைகளில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்காமல் இருக்க, அட்டையை வட்டமாக வளைத்துத் தடுப்பு வையுங்கள். வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள், கால் வழுக்கி விரிந்துபோய் நிமிராது.

படி 5: தீவனம்

கோழிக்குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதப் புரதம் போதும். வான்கோழிக் குஞ்சுக்கு ஏறத்தாழ 28 சதவீதம் தேவை. நியாசின் என்ற வைட்டமினும் அதற்குக் கூடுதலாக வேண்டும்; குறைந்தால் கால்கள் வளைந்துவிடும். கோழிக்கான மருந்து கலந்த தீவனத்தை வான்கோழிக்குப் போடாதீர்கள். இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் சாலினோமைசின், நராசின் ஆகிய மருந்துகள் வான்கோழிக்கு நஞ்சு. மூட்டையின் சீட்டைப் படித்த பிறகே அவிழுங்கள்.

பூஞ்சை பிடித்த தீவனம் எதற்கும் ஆகாது, வான்கோழிக்கு அறவே ஆகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்ளடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, இறுக்கமாக மூடுங்கள்.

பசுங்கீரையை நறுக்கிப் போட்டால் வான்கோழி ஆசையாகத் தின்னும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

படி 6: தினமும் காலையில் ஐந்து நிமிடம்

தீவனத்தைப் போட்டுவிட்டு உடனே திரும்பாதீர்கள். எது ஓடி வரவில்லை, எது கண் மூடி நிற்கிறது என்று பாருங்கள். எச்சத்தின் நிறத்தைக் கவனியுங்கள். சந்தேகப்படும் பறவையை அன்றே தனிக்கூண்டுக்கு மாற்றி, புதிய எச்சத்தோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். வெள்ளைக்கழிச்சல், அம்மை இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. எந்த வயதில் எது என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: முட்டையும் குஞ்சும்

கோழி பொதுவாக ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும், வான்கோழி ஏழெட்டு மாதம் எடுத்துக்கொள்ளும். கோழிமுட்டை பொரிக்க 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். அடைக்கோழியின் கீழ் வான்கோழி முட்டை வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. குஞ்சும் பொரிக்கும். ஆனால் அந்தத் தாய் குஞ்சுகளை மண்ணைக் கிளறி மேயக் கூட்டிப்போகும்போது தன் புழுவையும் சேர்த்தே கொடுத்துவிடும். பெட்டை வான்கோழியே பொறுமையாக அடைகாக்கும். முட்டைகளை அதனிடமே விட்டுவிடுங்கள்.